அக்காவுக்குக் கனமான சுவிட்ச்

ஓசூர்
8 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. மாமாவின் எண்ணுக்கு அடித்தால், "உங்கக்கா பக்கத்துலதான் இருக்கா, பேச மாட்டாளாம்" என்று உனக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார். அதனால்தான் இந்தப் பார்சல். அதற்குள் இந்தக் கடிதம்.

பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருப்பதை இரண்டு கையாலும் தூக்கு. அது கம்ப்யூட்டர் கீபோர்டுதான், ஆனால் அடித்தட்டு முழுக்க இரும்பு. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் எண்பதுகளில் இருந்தது. பழைய இரும்புக் கடைக்காரரிடமிருந்து என் கைக்கு வந்தபோது சுவிட்சுகளுக்குள் பஞ்சுத் தூசி அடைத்துப் பாதி எழுத்துக் கட்டைகள் இறங்கவே இல்லை. சுவிட்சுகளை எல்லாம் பிடுங்கிப் போட்டேன். உள்ளே புது சர்க்யூட் செய்து வைத்தேன். இப்போது சந்தையில் வருகிற சுவிட்சுகளைச் செருகினேன். பழைய கட்டைகளின் காலை ஒவ்வொன்றாக ராவி, புதுச் சுவிட்சில் உட்காரும்படி மாற்றினேன். மேலே தமிழ் எழுத்து ஒட்டியிருக்கிறேன். ஆக, உடம்பு மில் காலத்து உடம்பு, நரம்பு இந்த வருஷத்து நரம்பு.

உனக்கென்று தேடிப் பிடித்தது, இருப்பதிலேயே மெல்லிய சுவிட்ச். முப்பத்தைந்து கிராம் போதும், விரலை வைத்தாலே இறங்கிவிடும். உன் கைக்குச் சிரமமே இருக்காது.

ஒரு பக்கம் அடித்து, அச்செடுத்து அனுப்பு. தாளைப் பார்த்தால்தான் எங்கே தடுக்கிறது என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் வேண்டாம். அதில் பெருவிரலால் தட்டித் திருத்தி அனுப்பிவிடுவாய்.

கிறிஸ்துமஸ் அன்று நடந்ததைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் மறுபடியும் சண்டைதான். யுவராணியிடம் நான் பேசியது உன் நல்லதுக்குத்தான் என்று ஒருநாள் ஒத்துக்கொள்வாய்.

மிக்கேல்ராஜ்

*

மரியநாதபுரம், திண்டுக்கல்
17 ஜனவரி 2025

மிக்கேல்,

முன்னால் 'அன்புள்ள' என்று அடித்திருந்தேன். அதை நீக்கிவிட்டேன். அது பிழைதிருத்தம் அல்ல.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு சோதனையின் முடிவு. வகுப்பிலும் அப்படித்தான் செய்வேன். மணியடித்ததும் திட்டி முடித்துவிட்டால் பாடம் கெடாது.

பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு, தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எழுதித் தரச் சொல்லி சென்னைப் பதிப்பகத்தின் ஆசிரியர் யுவராணி அவராகவே கேட்டு வந்தார். இரண்டு அத்தியாயம் முடிவதற்குள் கை நடுங்க ஆரம்பித்தது. ஆபத்தான நோய் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், மாத்திரையும் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும், கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என் போனிலிருந்தே யுவராணியின் எண்ணை எடுத்து, "அக்காவுக்குக் கை முடியல, யாரையாவது அனுப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கிடுங்க" என்றாய். அடுத்த அறையில்தான் நான் இருந்தேன்.

அவர் இப்போது மிகவும் மரியாதையாக, "நீங்க பேசுங்க டீச்சர், நாங்க பதிவு பண்ணிக்கிறோம், ஒருத்தர் எழுதித் தருவார்" என்கிறார். நான் பேசும்போது முன்னால் இருக்கும் முகத்தைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். அவர்கள் தலையாட்டினால் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். எழுதும்போது அது முடியாது. புரியாத பிள்ளை ஒன்று தாளுக்குள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். இன்னொருவர் எழுதினால் அது என் குரல் இருக்கிற வேறொருவர் புத்தகம்.

ஆகவே அவரிடம் ஒரு தவணை கேட்டேன். பிப்ரவரி முடிவதற்குள் உராய்வு பற்றிய அத்தியாயத்தை நானே அடித்து அனுப்புவேன். அது சரியாக இருந்தால் புத்தகம் முழுக்க நானே எழுதுவேன். இல்லாவிட்டால் அவர் சொல்கிறபடி. அவரும் சம்மதித்தார்.

இனி உன் விசைப்பலகை. நல்லதைச் சொல்கிறேன். மடிக்கணினியோடு முன்பு வைத்திருந்த பலகை, நான் அடிக்க அடிக்க மேசையில் பின்னால் ஓடும், நான் துரத்திக்கொண்டு போவேன். இது அசையவில்லை. உராய்வு அத்தியாயத்துக்கே இதை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். கட்டைகளும் விரல் உட்காரும்படி குழிந்து இருக்கின்றன.

கெட்டது: விரல் தொடுமுன்பே எழுத்து விழுகிறது. ஒருமுறை அழுத்தினால் இருமுறை இறங்குகிறது. 'எடை' என்று அடித்தால் 'எட்டை' என்று வருகிறது. விரலைச் சும்மா வைத்து யோசித்தால், யோசித்து முடிப்பதற்குள் ஒரு வரி நிறைய 'பபபப'. மடிக்கணினியிலும் இதே தொல்லைதான், ஆனால் இதில் அதைவிட மோசம். இந்தக் கடிதத்தில் அடித்ததைவிட அழித்ததே அதிகம்.

இன்னொன்று. கிராம் விசையின் அலகு இல்லை. இந்த ஒருமுறை விடுகிறேன்.

சகாயராணி

*

ஓசூர்
25 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

நான் 'அன்புள்ள' என்பதை எடுக்கவில்லை, பார்த்துக்கொள்.

சுவிட்சை நான் சோதித்துத்தான் போட்டேன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு இதையே போட்டுக் கொடுத்தேன். "வெண்ணெயில விரல் விட்ட மாதிரி இருக்கு தம்பி" என்றார். வயதானவர்கள் யார் கேட்டாலும் இதைத்தான் போடுகிறேன். யாரும் குறை சொன்னதில்லை. குறை சுவிட்சில் இல்லையென்றால் எங்கே என்று நான் எழுத மாட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. ஒரே எழுத்து அடுத்தடுத்து விழுந்தால் இரண்டாவதை விழுங்கிவிடும்படி கீபோர்டுக்குள் அமைத்துவிடலாம். சொன்னால் அந்தக் கோப்பை அனுப்புகிறேன்.

யுவராணி விஷயம். உன் போனை எடுத்தது தப்பு. ஆனால் நான் பார்த்ததையும் நீ கேட்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் கேக் தின்று சிரித்துக்கொண்டிருந்தோம். நீ சாப்பாட்டு மேசையின் மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரே வரியை அடித்தாய், அழித்தாய், மறுபடி அடித்தாய், அழித்தாய். ஒரு தடவை கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தாய். நான் பார்த்தேன். எனக்குச் சகிக்கவில்லை அக்கா. அதனால்தான் பேசினேன்.

மிக்கேல்ராஜ்

*

மரியநாதபுரம், திண்டுக்கல்
3 பிப்ரவரி 2025

மிக்கேல்,

உனக்குச் சகிக்கவில்லை என்பதற்காக நான் எழுதுவதை நிறுத்த வேண்டுமா? நீ ஓசூரில் இருக்கிறாய். திரும்பிக்கொண்டால் போதும்.

இரண்டாவது எழுத்தை விழுங்கும் வித்தை வேண்டாம். அதைப் போட்டால் நான் 'அப்பா' என்று அடிக்கும்போது 'அபா' என்று வரும். நோயாளிக்கு இருமல் வருகிறது என்று வாயைத் தைக்கிற வைத்தியம் அது.

நான் என் வழியில் தேடினேன். நான்கு பக்கம் அடித்து, ஒன்றையும் திருத்தாமல் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பிழை விழுந்த இடத்தில் எல்லாம் வட்டம். பக்கத்து வீட்டு தாஹிரா மல்லிப்பொடி கொடுக்க வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பேப்பருக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள். அவள் சொன்னதும் நான் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். எங்கும் சிவப்பு. ஆனால் சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் மட்டும் சுத்தமாக இருந்தன. நான்கு பக்கத்திலும் ஓர் இடைவெளிகூட இரண்டாக விழவில்லை.

ஏன்? இடைவெளிக் கட்டையை நெம்பிப் பார்த்தேன். அதன் அடியில் மட்டும் மில் காலத்து ஸ்பிரிங்குகள் அப்படியே இருக்கின்றன. கட்டை நீளமாக இருப்பதால் நீ அவற்றை எடுக்கவில்லை போலிருக்கிறது. மற்றவற்றைவிட அது இரண்டு மடங்கு விறைப்பு.

பெருவிரல் நடுங்காது, அதனால்தான் பிழையில்லை என்று நீ சொல்வாய். நானும் அதைச் சந்தேகப்பட்டேன். ஆகவே இடைவெளிக் கட்டையை ஆள்காட்டி விரலால் அடித்தேன், மோதிர விரலால் அடித்தேன், ரொம்ப ஆடுகிற வலது சுண்டுவிரலாலும் அடித்தேன். ஒன்றுகூட இரட்டிக்கவில்லை. நாகல்நகர்ச் சந்தையில் காய்க்காரர் தராசைத் தூக்கும்போது பார்த்திருப்பாய். வெறும் தட்டு காற்றுக்கே ஆடும். ஒரு கிலோ வெங்காயத்தைப் போட்டதும் அடங்கி நிற்கும். என் விரலும் அப்படித்தான். எதிரே கனம் இல்லாத இடத்தில் ஆடுகிறது, கனம் இருக்கிற இடத்தில் நிற்கிறது.

நீ என் வயதைக் கேட்டுச் சுவிட்ச் வாங்கியிருக்கிறாய். என் கையைக் கேட்டு வாங்கு. உன்னிடம் இருப்பதிலேயே கனமானதை அனுப்பு.

பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான் என்பதை நினைவில் வை.

சகாயராணி

*

ஓசூர்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் வேலை மேசையில் இருந்த மெல்லிய சுவிட்சின் மேல் என் கையை வேண்டுமென்றே நடுக்கி வைத்துப் பார்த்தேன். 'பபபப' என்றுதான் வந்தது. இத்தனை வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன், ஒருநாளும் இதைச் செய்து பார்த்ததில்லை. வங்கி ஐயாவிடமும் ஒருதரம் போய்க் கேட்கப் போகிறேன், வெண்ணெய் என்றது என் மனம் நோகக் கூடாது என்று சொன்னதா என்று.

இத்துடன் வரும் பெட்டியில் இரண்டு வகை இருக்கிறது. கறுப்புக் கால் உள்ளவை மிகக் கனமானவை. எண்பது. அலகு போடவில்லை. பழுப்புக் கால் உள்ளவை நடுத்தரம். கறுப்பை வாங்குகிறவர்கள் எல்லாம் இருபது வயதுப் பையன்கள். அவர்களே ஒரு மாதத்தில் விரல் வலிக்கிறது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வலித்தால் விட்டுவிடு, தயவு செய்து வீம்புக்கு அடிக்காதே.

மாற்றுவது சுலபம். கூட வைத்திருக்கும் கிடுக்கியால் கட்டையைக் கழற்று, பிறகு சுவிட்சின் இரண்டு பக்கமும் பிடித்து நேராக மேலே இழு. புதியதை நேராக வைத்து அழுத்து. கோணலாக வைத்தால் அடியில் இருக்கும் கம்பி மடங்கிவிடும். எண்பதுக்கும் மேற்பட்ட சுவிட்ச். நான் வந்து மாற்றித் தரட்டுமா? நீ சொன்னால்தான் வருவேன்.

யுவராணியிடம் நான் சொன்னது முழுக்கத் தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்பு. இதற்கு மேல் இப்போதைக்கு எனக்கு வரவில்லை அக்கா.

மிக்கேல்ராஜ்

*

மரியநாதபுரம், திண்டுக்கல்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள மிக்கேல்,

நீ வர வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லி அனுப்பியதில் வருத்தம் வேண்டாம். மாற்றுவதற்கே என் கை தாங்காது என்றால் அடிப்பதற்கு எப்படித் தாங்கும்? அதனால் நானே செய்தேன். முழங்கை வரை மேசையில் படுக்க வைத்து, மணிக்கட்டுக்குக் கீழே மடித்த துண்டு. ஆய்வகத்தில் கிடுக்கியால் எடைக்கல் எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் சொன்னதும் அதுதான்: கையை அந்தரத்தில் விடாதே. ஆறு சுவிட்சில் கம்பி மடங்கியது. புருவம் பிடுங்கும் சாமணத்தால் நிமிர்த்தினேன். மாமா உதவிக்கு வந்தார், அவர் செருகியதில்தான் மூன்று மடங்கியது.

முதல் நாள் ஒரு பக்கம் அடித்ததும் தாஹிரா வாசலுக்கு வந்துவிட்டாள். "என்னக்கா, வீட்டுக்குள்ள பூட்டுப் பட்டறை போட்டாச்சா?" என்றாள். சத்தம் அப்படி. அவளையே உட்கார வைத்து அடிக்கச் சொன்னேன். இரண்டு வரியில் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "யாத்தே, இதுக்கு அம்மியே தேவல." எனக்கோ அந்தக் கட்டைகள் வெகுநாள் கழித்து ஒழுங்காகப் பதில் சொல்கிற மாணவர்கள் மாதிரி இருந்தன.

அழுத்தும்போது பாதி வழியில் ஒரு படி தட்டுப்படுகிறது. அந்தப் படியைத் தாண்டினால்தான் எழுத்து விழும். என் நடுக்கம் படிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. தாண்டுவது நான் வேண்டும் என்று அழுத்துகிற அழுத்தம் மட்டும்தான். விரலைக் கட்டையின் மேலேயே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்க முடிகிறது. அந்தச் சுகத்தை எழுதுகிறவர்களுக்குத்தான் சொல்லிப் புரிய வைக்க முடியும்.

நீ பயந்ததும் பொய்யில்லை. நான்காம் நாள் இரண்டு சுண்டுவிரலும் தீயாக வலித்தன. வீம்புக்கு அடிக்கவில்லை. சுண்டுவிரல் தொடுகிற ஓரக் கட்டைகளுக்கு மட்டும் உன் பழுப்புச் சுவிட்சைப் போட்டேன். நடுவில் கறுப்பு, ஓரத்தில் பழுப்பு. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், அதற்கு மேல் அடிப்பதில்லை. இப்போது வலி இல்லை.

உராய்வு அத்தியாயம் நேற்றுப் போய்விட்டது. பக்கத்துக்கு இரண்டு மூன்று பிழை விழுந்தன, திருத்தினேன். எல்லாருக்கும் விழுகிற அளவுதான். ஆனால் கை சரியாக இருப்பதால் அத்தியாயம் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அது வேறு கேள்வி. அதற்கு யுவராணிதான் விடை சொல்ல வேண்டும். என் வரையில் நன்றாக வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அக்கா

*

ஓசூர்
15 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நேற்று யுவராணி எனக்குப் போன் செய்தார். உனக்குச் செய்வதற்கு முன்னால் எனக்குச் செய்திருக்கிறார். ஏன் என்று முதலில் புரியவில்லை. அத்தியாயம் பிரமாதம் என்றார், சோப்பு நுரையில் வழுக்கும் சொம்பைப் பற்றி எழுதியிருக்கிறாயாமே, அதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் எல்லாரும் கை கழுவப் போனார்களாம். எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார், நிஜமாச் சொல்லுங்க, நீங்கதானே அடிச்சுக் கொடுத்தீங்க?" என்றார்.

அக்கா, எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அப்புறம்தான் யோசித்தேன், அந்தச் சந்தேகத்தை அவர் மனதில் போட்டதே நான்தானே.

"எனக்கு உராய்வுன்னா தோசைக்கல்லுல எண்ணெய் தடவுறது மட்டும்தாங்க தெரியும்" என்றேன். "எங்கக்கா அடிச்சது. சந்தேகமா இருந்தா திண்டுக்கல்லுக்குப் போயி உக்காந்து பாருங்க. பக்கத்துல நின்னு பேச மட்டும் செய்யாதீங்க, திட்டு விழும்." அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், மன்னிப்புக் கேட்டார்.

வைக்கும் முன்னால், புத்தகத்தின் பின்னட்டையில் போட உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தர முடியுமா என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. "அதை அக்காகிட்டயே கேட்டுக்கங்க, அவங்களுக்காக நான் பேசுறதில்ல" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது சரிதானே?

மிக்கேல்ராஜ்

*

மரியநாதபுரம், திண்டுக்கல்
22 ஜூன் 2025

அன்புள்ள மிக்கேல்,

சரிதான். இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஆனால் மார்ச்சில் இருந்து கட்டைகளை விட்டு எழுந்திருக்கவில்லை. மீதி அத்தியாயங்கள் முடிந்து, புத்தகம் அச்சுக்குப் போகிறது.

யுவராணி ஏப்ரலில் வந்தார். மதுரைக்கு வேறு வேலையாக வந்தவர், பஸ் ஏறி வந்துவிட்டார். சாப்பிடச் சொன்னேன், சாப்பிட்டார். பிறகு நான் என் பாட்டுக்கு உட்கார்ந்து ஒலி பற்றிய அத்தியாயத்தில் ஒரு பக்கம் அடித்தேன். அவர் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். பக்கம் முடிந்ததும், தானும் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அடித்தார். "எப்படி டீச்சர், விரல் வலிக்குதே" என்றார். செருப்பு மாதிரி என்றேன். என்னுடையதைப் போட்டுக்கொண்டு உங்களுக்குக் கடிக்கிறது என்றால் செருப்பு என்ன செய்யும்? பதிவு செய்கிற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை. போகும்போது, அடுத்து வெப்பத்தைப் பற்றியும் ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்றுப் பின்னட்டையின் மாதிரித் தாள் வந்தது. என்னைப் பற்றி அவர்களே எழுதியிருந்தார்கள். பிறந்த ஊர், படித்த கல்லூரி, வேலை பார்த்த வருஷம் எல்லாம் சரி. கடைசி வரி இது: 'கைநடுக்கத்தையும் பொருட்படுத்தாமல், ஒவ்வோர் எழுத்தாகப் போராடி இந்நூலை உருவாக்கியுள்ளார்.'

நல்ல மனதோடு எழுதியதுதான். எனக்கும் படித்தவுடன் ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. பிறகு அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கப் போகிற பிள்ளையை நினைத்தேன். அது உராய்வைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறது. அட்டையைத் திருப்பியதும் அதை என் மேல் பரிதாபப்பட வைத்தால், உள்ளே நான் தப்பாகச் சொல்லியிருந்தாலும் 'பாவம் டீச்சர்' என்று விட்டுவிடும். கேள்வி கேட்காது. எனக்கு அது கேள்வி கேட்க வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் எத்தனையோ பேர் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். 'கிட்டப்பார்வையையும் பொருட்படுத்தாமல்' என்று யாருக்கும் போட்டு நான் பார்த்ததில்லை. நான் போராடவும் இல்லை. எனக்குச் சரியான சுவிட்ச் கிடைத்தது, எழுதினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. பூசை முடிந்து மத்தியானம் சாப்பாடு. மாமா ஆட்டுக்கறிக்குச் சொல்லிவிட்டார். தாஹிராவும் உன்னிடம் ஏதோ கேட்க வேண்டுமாம், சத்தம் வராத சுவிட்ச் உண்டா என்று.

பின்னட்டையின் அந்தக் கடைசி வரியை நீக்கித் தாளை இன்று திருப்பி அனுப்பிவிட்டேன். மாதிரித் தாளில் பேனாவால்தான் கோடு போட்டு அடிக்க வேண்டும். பேனா பிடித்தால் என் கை இன்னும் ஆடுகிறது. கோடு சிறுமலை மாதிரி ஏறி இறங்கிப் போயிருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

அக்கா